ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாது

அவள் மண் ரோட்டின் நட்டநடுவில் போய் நின்றுகொண்டாள்.

எதிரே கோதுமை. கோதுமைக்கு மேலே கறுத்த மேகம். மேகத்தின் அடிவயிற்றிலிருந்து ஒரு வால் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, வருது! வருதுங்க!"

வந்தது. தரையைத் தொட்டது. தொட்ட இடத்தில் புழுதி பொங்கியது.

அம்மாடி! டொர்னாடோ!

மே மாதம் பிறந்தால் போதும், புருஷனும் பெண்டாட்டியும் டல்லாஸிலிருந்து கான்ஸாஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். மற்றவர்கள் லீவு போட்டு ஊருக்குப் போவார்கள். இவர்கள் லீவு போட்டுச் சூறையைத் துரத்துவார்கள். கோவில்பட்டியில் கேட்டால், "லீவே குடுக்க மாட்டேங்கிறான் அத்தை" என்று ஒரு பொய்.

பைத்தியம்தான். அவர்களே ஒத்துக்கொள்வார்கள்.

ஆனால் இத்தனை வருஷமாகப் பார்த்தது என்னவோ அவன் மட்டும்தான்.

சங்கரபாண்டிக்கு லைசென்ஸ் கிடையாது. டெஸ்ட்டுக்குப் போவான், ஃபெயிலாகி வருவான். ஸ்டாப் பலகையைக் கண்டால் ஊர்ப் பழக்கத்தில் வண்டியை மெதுவாக்குவானே ஒழிய நிறுத்த மாட்டான். அதனால் ஸ்டியரிங் எப்போதும் செண்பகவல்லி கையில்.

சூறையைத் துரத்துகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஓட்டுகிற ஆள் ரோட்டைத்தான் பார்க்கணும். தப்பிக்கிற வழியைத்தான் பார்க்கணும். ஓட்டுகிற ஆள் "ஏறு" என்றால் மற்றவர் ஏறிவிடணும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது.

அவன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்று கும்மாளம் போடுவான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்ப்பாள்.

எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல்.

போன மாதம் எப்படியோ பாஸ் பண்ணிவிட்டான்.

இன்றைக்கு அவள் பார்க்கப்போகிறாள்.

முக்காலியை ஊன்றிக் கேமராவை மாட்டினாள். அதன் வழியாகப் பார்க்கத் தோன்றவில்லை. வெறுங்கண்ணால் பார்த்தாள். மேகத்துக்குக் கீழே புகுந்த சாயங்கால வெயிலில் அது பால் நிறத்தில் சுழன்றது. சத்தம் இல்லை. சத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

அவள் சிரித்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"அப்படியே நிக்குது பாருங்க! நமக்காகவே நிக்குது!"

வண்டிக்குள்ளிருந்து ஒரே ஒரு சொல்.

"ஏறு."

"அட இருங்க, இப்பத்தானே வந்துச்சு!"

"செண்பா, ஏறு."

அவள் மறுபடி பார்த்தாள். அது இடப்பக்கமும் போகவில்லை. வலப்பக்கமும் போகவில்லை. கொஞ்சம் பருத்திருந்தது.

அப்போதுதான் உறைத்தது.

இருந்த இடத்திலேயே இருக்கிற டொர்னாடோ நிற்கவில்லை. நேராக வந்துகொண்டிருக்கிறது. இதை அவன் காதில் ஓயாமல் ஓதியவளே அவள்தான்.

கேமராவாவது, முக்காலியாவது! அப்படியே போட்டுவிட்டுப் பின்சீட்டில் பாய்ந்தாள்.

வண்டி தெற்கே பறந்தது. அவள் சீட்டில் முட்டி போட்டுப் பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். இப்போது சத்தம் வந்துவிட்டது. கோதுமை தரையோடு தரையாகப் படுத்தது. வேலிக்கம்புகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு மேலே போயின. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை.

வண்டி நின்றது.

திரும்பினாள். தார் ரோடு குறுக்கே போனது. ஓரத்தில் ஸ்டாப் பலகை.

முழுசாக நிறுத்தியிருந்தான். டெஸ்ட்டில் நிறுத்துகிற மாதிரி.

"யோவ்! பின்னாடி எமன் வர்றான், இங்க எவனுக்கய்யா நிக்கிற!"

வலப்பக்கத்திலிருந்து ஒரு வண்டி சீறிக்கொண்டு வந்து, மூக்கை உரசுகிற மாதிரி குறுக்கே போனது. இன்னொரு துரத்தல் கோஷ்டி. உள்ளே இருந்த எல்லோருடைய தலையும் வானத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

ஓட்டியவன் தலையும்தான்.

இவர்கள் வண்டி ஒருமுறை ஆடி அடங்கியது.



அவன் இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். தார் ரோட்டைத் தாண்டி வண்டியை விரட்டினான்.

கொஞ்ச தூரம் போன பிறகு அவள் மூச்சு விட்டாள். சூறை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் நின்ற இடத்தைத் துடைத்துவிட்டுக் கிழக்கே போனது. பக்கவாட்டில் நகர்ந்தால் பயமில்லை.

"நிறுத்துங்க. இனி வராது."

ஓரம் கட்டினான். இரண்டு கையும் ஸ்டியரிங்கை விடவில்லை. கண் நேரே வெறும் ரோட்டில் இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

சொல்வதற்காக அவன் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் கவனித்தாள்.

அவன் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடி கூரையைப் பார்த்துத் திருப்பிவிடப்பட்டிருந்தது. இரண்டு பக்கக் கண்ணாடிகளும் மடக்கப்பட்டிருந்தன.

சட்டம் என்னவோ சட்டம்தான். ஆனால் அவள் ஓட்டிய நாட்களில் அந்தக் கண்ணாடியில் திருட்டுப் பார்வை பார்க்காமல் இருந்ததே இல்லை. அதை அவனிடம் சொன்னதும் இல்லை.

வெளியே சூறை மெலிந்து கயிறாகிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்க்கவில்லை. குதித்து இறங்கி ஓடிப்போய் அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். பெல்ட்டை அவளே கழற்றினாள்.

"சீக்கிரம் இறங்குங்க. தீர்ந்துடப்போவுது."