கூர் வேண்டாம்

"இதைப் புதுசு மாதிரி ஆக்கித் தரணும். ஆனா கூர் மட்டும் வேண்டாம்."

காதில் விழுந்தது சரிதானா என்று பட்டறைக்காரருக்குச் சந்தேகம்.

வந்தவர் மேசை மேல் வைத்திருந்த கோடாலியைப் பட்டறைக்காரர் பார்த்தார். துரு ஏறி, செதில் செதிலாக உரிந்து கிடந்தது. காம்பு பாதி உளுத்துப் போயிருந்தது. வந்தவரோ மடிப்புக் கலையாத சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக நின்றார்.

"கூர் இல்லாம கோடாலி எதுக்கு சார்?"

"எனக்கு அப்படித்தான் வேணும். பாக்கறதுக்குப் பழையபடி பளிச்சுனு இருக்கணும். விரல் வெச்சா வெட்டக் கூடாது."

அவர் போனதும் பட்டறைக்காரரின் மனைவி சிரித்தாள்.

"ஹால்ல மாட்டப் போறாரு. வர்றவங்ககிட்ட எல்லாம் எங்க பரம்பரைக் கோடாலின்னு பீத்திக்க வேண்டாமா?"

"உழைச்ச கோடாலியைப் பொம்மையாக்கறாங்களே!"

வாய் புலம்பினாலும் கை வேலையில் குறை வைக்கவில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினார். மனைவி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, அடியிலிருந்து நல்ல இரும்பு எட்டிப் பார்த்தது. புதுக் காம்பு சீவி, தலையை மாட்டி, ஆப்பு அடித்து இறுக்கினார்.

அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. யாரும் சொல்லாமலே கூரும் தீட்டி வைத்தார்.

வாங்க வந்தவர் விளிம்பில் விரலை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ரத்தம் துளிர்த்திருந்தது.

"உங்ககிட்ட என்ன சொன்னேன்?" குரல் எகிறியது. "இப்பவே மழுங்கடிச்சுக் குடுங்க. என் கண்ணு முன்னாடி!"

பட்டறைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு அரத்தை எடுத்தார். பெற்ற பிள்ளையைப் போட்டு அடிப்பது போலிருந்தது. வந்தவர் விளிம்பு நெடுகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கோடாலியைக் கையில் வாங்கினார்.

"காம்பு காய்ஞ்சா ஆப்பு இளகும். அடுத்த வாரம் ஒரு தடவை கொண்டுவந்து காட்டுங்க" என்றார் பட்டறைக்காரர், வேண்டாவெறுப்பாக.

அடுத்த வாரம் அவர் வரவில்லை.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன். தலை கழண்டா ஆபத்து."

"ஆணியில தொங்கற கோடாலி யார் மேல விழப்போகுது?" என்றாள் மனைவி.

"இருந்தாலும் நம்ம பட்டறையில செஞ்சதாச்சே."

ரசீதில் இருந்த விலாசத்தைப் பார்த்துப் பட்டறைக்காரர் அந்த வீட்டு வாசலுக்குப் போனபோதே பின்பக்கத்திலிருந்து 'டொக்' என்று சத்தம் வந்தது. சுற்றிக்கொண்டு போனார்.

வயதான ஓர் அம்மாள் கோடாலியை ஓங்கி நின்றார். எதிரே ஒரு கட்டை. கோடாலி வாங்கிப் போன அந்த மனிதர், எந்த நேரமும் தாங்கிப் பிடிக்கத் தயாராக, அவர் பின்னாலேயே நின்றிருந்தார்.

கோடாலி இறங்கியது. கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது.

பட்டறைக்காரர் திகைத்துப் போனார். தன் கையாலேயே மழுங்கடித்த கோடாலி. வெண்ணெயைக்கூட வெட்டாதே!

"பாத்தியாடா தம்பி? எந்தக் கட்டையாவது என்கிட்ட வாலாட்டுமா?"

"உன்கிட்ட நடக்குமாக்கா?"

"இன்னைக்கு இது போதும். நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு, மணி அடிச்சிடப் போறாங்க."

"இதோ கிளம்பிட்டேன்க்கா."

அம்மாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நிறைந்த முகத்தோடு உள்ளே போனார். அப்போதுதான் தம்பி பட்டறைக்காரரைக் கவனித்தார்.

"எங்க அக்கா. அப்பா அம்மா போனப்புறம் விறகு பிளந்து வித்துத்தான் என்னைப் படிக்க வெச்சா. இப்ப எல்லாம் மறந்து போச்சு. எழுந்ததும் கோடாலியைத் தேடறா. விறகு பிளக்கலைன்னா தம்பிக்கு ஏது சோறுன்னு அழறா. பழசைத் தேடி எடுத்துக் குடுத்தேன். துருவைப் பாத்துட்டு, இது என்னோடது இல்லைன்னு தூக்கிப் போட்டுட்டா. அதான் உங்ககிட்ட வந்தேன்."

பட்டறைக்காரர் அம்மாள் போன கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கை நடுங்குது அவளுக்கு. கால்ல போட்டுக்கிட்டா என்ன பண்றது? அந்தப் பயத்துலதான் அன்னைக்குக் கத்திட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். ஆனா கூரே இல்லாம கட்டை எப்படிப் பிளக்குது?"

தம்பி குனிந்தார். விழுந்து கிடந்த இரண்டு பிளவுகளையும் பொறுக்கி எடுத்தார். கிண்ணத்திலிருந்த மாவுப் பசையை உள்பக்கம் லேசாகத் தடவினார். இரண்டையும் பொருத்தி, முழுக் கட்டையாக்கி, நெஞ்சோடு வைத்து அழுத்தினார்.

பட்டறைக்காரர் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"காயற வரைக்கும் அதை நான் பிடிச்சுக்கறேன், குடுங்க சார். நீங்க அடுத்த கட்டைக்குப் பசை தடவுங்க."