தூக்கி வந்தவன்

கர்ணன் வீட்டு வாசலில் டாக்சி வந்து நின்றதும் சுந்தர்ராஜுக்கு வயிறு எரிந்தது. அகதி முகாமே அங்கே திரண்டுவிட்டது. ஐந்து வயதில் தன்னைத் தோளில் சுமந்து கடலைத் தாண்டவைத்த மனிதரைப் பார்க்க, கனடாவிலிருந்து யுவராணி வந்திருக்கிறாள்.

"எல்லாரும் அங்கனதான் நிக்காக. நீங்க போகலையா?" என்றாள் பக்கத்து வீட்டு மெர்லின். கம்பத்துக்காரி. முகாம்காரனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள்.

"எதுக்கு? அவனுக்குப் போடுற மாலையைப் பார்த்துக் கை தட்டவா?"

"கர்ணண்ணே மூஞ்சியே சரியில்லையாம். நேத்து அந்தப் பிள்ளை போன் பண்ணுனதுலருந்து அவுக பச்சத்தண்ணி கூடக் குடிக்கலையாம்."

"கனடா போற நெனப்புல எப்படி உள்ள எறங்கும்?"

அவன் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அந்தப் பிள்ளையைத் தூக்கி வந்தது கர்ணனே இல்லை. சுந்தர்ராஜ்தான்.

இலங்கையில் மறுபடி சண்டை மூண்ட வருடம் அது. மன்னாரிலிருந்து ஒரே படகில் வந்தார்கள். தூரத்தில் கடற்படையின் விளக்கைக் கண்டதும் படகோட்டி, மணல் திட்டுக்கு முன்பே எல்லோரையும் மார்பளவுத் தண்ணீரில் இறக்கிவிட்டு ஓடிவிட்டான்.

ஒரு தாய், நடக்க முடியாமல் அழுதுகொண்டு, கையிலிருந்த பிள்ளையை நீட்டினாள். வாங்கித் தோளில் வைத்துக்கொண்டவன் சுந்தர்ராஜ். பிள்ளையைத் திட்டில் இறக்கிவிட்டுக் குப்புற விழுந்தவன், விளக்கு வெளிச்சத்துக்குப் பயந்து விடியும்வரை தலையைத் தூக்கவில்லை. தாய் மட்டும் வந்து சேரவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது.

மறுநாள் மண்டபம் முகாமில், "இந்தப் பிள்ளையைக் கொண்டுவந்தது யாரு?" என்று அதிகாரி ஒருவர் அதட்டினார். கேசு, கோர்ட்டு என்று இழுத்துவிடுவார்களோ என்று சுந்தர்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் நின்ற கர்ணன் கையைத் தூக்கினான். அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் கேசும் வரவில்லை, கோர்ட்டும் வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். தேனியிலிருந்து காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். எல்லோரும் கர்ணனைத்தான் தேடினார்கள்.

திராட்சைத் தோட்டத்தில் நாள் முழுக்க அங்கன, இங்கன என்று பேசுகிற கர்ணன், மைக்கைக் கண்டதும் "கதைக்கிறன்" என்று பழைய ஊர்ப்பேச்சுக்குத் தாவுவான். "பிள்ளையை மணலில இறக்கி விட்டனான்" என்றதோடு கதையை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்ப்பான். அவன் தூக்கியிருந்தால் அல்லவா மேற்கொண்டு சொல்ல வரும் என்று சுந்தர்ராஜ் பல்லைக் கடிப்பான். தோள் இவனுடையது, பேர் அவனுக்கு.

இன்றைக்கும் விட்டுவிட்டால் இனி கிடைக்காது. சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

கூட்டத்தை விலக்கி உள்ளே நுழைந்தான். மாலை, சால்வை எதையும் காணோம். யுவராணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கர்ணன் தலை குனிந்திருந்தான்.

இவனைக் கண்டதும் கர்ணன் பதறி எழுந்தான். "சுந்தரு, நீ வீட்டுக்குப் போ. பெறகு பேசிக்கிருவம்."

பயந்துவிட்டான் பயல் என்று சுந்தர்ராஜுக்குக் குஷியாக இருந்தது. நகராமல் நின்றான்.

யுவராணி இவன் பக்கம் திரும்பவில்லை. "ஐயா, திரும்பவும் கேக்கிறன். என்னைத் தூக்கினது நீங்கதானா? அந்தக் குரல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. உங்கட குரல் மாதிரித் தெரியேல்லை."

"நான்தான் பிள்ளை. வயசு போனா குரல் மாறாதா?" என்றான் கர்ணன்.

"பொய்!" சுந்தர்ராஜ் கத்தினான். "இத்தனை வருசமாப் பொய் சொல்லிப் பேர் வாங்குறான். உன்னைத் தூக்கிட்டு வந்தது நான். உங்கம்மா நீட்டுனது என்கிட்ட. நீ என் தலைமுடியைப் பிடிச்சுக்கிட்டு வந்தே. இல்லைன்னு அவனைச் சொல்லச் சொல்லு!"

கர்ணன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். இத்தனை வருடப் பொருமல் தீர்ந்து, சுந்தர்ராஜுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

யுவராணி மெல்ல எழுந்து அவன் அருகில் வந்தாள்.

"அப்ப, 'இங்கேயே நில்லுங்கோ, திரும்பி வாறன்' எண்டு என்ர அம்மாட்டச் சொன்னதும் நீங்கதானா?"