பிரீசரில் ஓர் இடம்

"யோகட்டும் ஐஸ்கிரீமும் இருக்கிற பிரீசர்ல புற்றுநோய்ச் சதைய வைக்கச் சொல்றீங்களே, நல்லாவா இருக்கு மிஸ்?"

எஹலியகொடை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பாலசுப்பிரமணியத்துக்குக் காலையிலிருந்தே அலுப்பு. அடைமழை, மண்சரிவு, கொழும்புப் பாதை மூடிக் கிடந்தது, வியாபாரமும் படுத்துவிட்டது. போதாததற்கு, இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்குப் போகிற வழியில் நின்றுபோன பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருக்கும் இந்தப் பெண் வேறு. துஷ்யந்தியாம். கொழும்பில் ஆய்வுகூடத்தில் வேலையாம். கையில் ஐஸ் பெட்டியோடு, படியேறாமல் தூறலிலேயே நின்றாள்.

"தொத்தாதுங்க முதலாளி, சீல் வச்சிருக்கு. ஐஸ் கரைஞ்சா உள்ள இருக்கிற புரதமெல்லாம் கெட்டுரும். பாதை தொறக்கிற வரைக்கும் வச்சாப் போதும்."

"புரதமா? பருப்புல இருக்கும்பாங்களே, அதா?"

சோர்வாகச் சிரித்தாள்.

"அந்த ஜாதிதான். இந்த நோய் ஒடம்பு முழுக்கப் பரவுறதுக்குச் சில புரதம் ஒத்தாசை பண்ணுது. எதுன்னு புடிச்சிட்டா, அத மடக்குற மருந்தத் தேடலாம்."

"அப்ப இந்த நோயாளி பொழைச்சிருவாங்க?"

"இல்லீங்க. மருந்து வர எத்தனையோ வருஷம் ஆகும். வராமலும் போகலாம்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

அவள் ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பார்க்கப் பாவமாக இருந்தது. முணுமுணுத்தபடியே ஐஸ்கிரீமை ஒதுக்கி ஒரு மூலையைக் காலி செய்தார்.

"கொண்டாங்க. உள்ள வந்து ஒக்காருங்க, டீ சொல்றேன்."

"நீங்களே எடுத்து வச்சிருங்க. நான் வரல." பெட்டியைப் படியில் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள்.

கொழும்புத் திமிர்! பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தவர், சுருக்கென்று கேட்டார்.

"நம்ம கடைக்குள்ள வந்தா மிஸ்ஸுக்குக் கௌரவம் கொறஞ்சிருமோ?"

"ஐயோ, அப்படி இல்லீங்க. வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்கு வெளக்கு ஏத்தியிருக்கீங்க. நான் தீட்டோட நிக்கிறேன். விடியக்காலைல ஆஸ்பத்திரியில அம்மா தவறிட்டாங்க."

பாலசுப்பிரமணியம் வாசலுக்கு வந்தார்.

"பெத்த தாய் செத்துக் கெடக்கிறப்ப, யாரோட சதையையோ தூக்கிக்கிட்டு அலையறீங்களேம்மா!"

"எங்கம்மாவோடதுதாங்க. நேத்து ஆபரேஷன்ல எடுத்தது. 'மொதல்ல இதக் கொண்டு போய்ச் சேத்துட்டு, அப்புறமா வந்து அழு'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாங்க."