மூடிய கதவுக்குள் விளக்கு

பதினோரு மணி நேரம். மாலை ஏழுக்கு நிறுத்தினால் காலை ஆறுக்கு வண்டி இருமக்கூட இருமாது.

மூன்று நாளாக இதே கதை.

அப்பா முப்பது வருடமாக ஆட்டோ எலக்ட்ரீஷியன். என்னைவிட நான்கு வயது மூத்த பிக்கப், பின்னால் தகரக் கூண்டு. ஊரார் வண்டியையெல்லாம் பார்த்தவருக்குத் தன் வண்டியின் நோய் பிடிபடவில்லை. பேட்டரியை மாற்றினார், டைனமோவைக் கழற்றி மாட்டினார்.

நான்காம் நாள் காலை, நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அண்ணியைக் கூப்பிட்டுவிட்டார்.

அண்ணி இந்த வீட்டுக்கு வந்து ஆறு வாரம்தான். அவள் அப்பாவுக்கும் இதே தொழில். நான் இயற்பியல் பட்டதாரி. ஆனால் பட்டறையில் எனக்குக் கிடைத்த ஒரே வேலை டார்ச் பிடிப்பது. எனக்கு இடது கைப் பழக்கம். இடது கையால் சுற்றும் டேப் எதிர்ப்பக்கம் போகும், நிற்காது என்பார் அப்பா.

அண்ணி மீட்டரைத் தொடவே இல்லை. பேட்டரி வயரைக் கழற்றி நடுவில் ஒரு சின்ன பல்பை வைத்தாள். எரிந்தது. வண்டி தூங்கும்போதும் ஏதோ ஒன்று கரண்ட்டைத் தின்கிறது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நான்காவதில் பல்பு அணைந்தது.

பாத்துக் கத்துக்கோ என்றார் அப்பா, என்னிடம்.

அந்த முறை எனக்கும் தெரியும். எந்த ஃபியூஸ் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

அது கூண்டு விளக்கின் ஃபியூஸ். கதவைத் திறந்தால் எரியும், மூடினால் அணையும். அணைந்ததா என்று மூடிய கதவுக்குள் யார் போய்ப் பார்த்தது?

அண்ணி எல்லாவற்றையும் திரும்ப மாட்டினாள். கூண்டைத் திறந்து, கதவு ஸ்விட்சை விரலால் அழுத்தினாள். விளக்கு அணையவில்லை. தகரத்துக்குப் பின்னால் கையை விட்டாள். நான் டார்ச் பிடித்தேன்.

ஸ்விட்சுக்குப் போகும், தோல் உரிந்த இரண்டு வயர்கள் கறுப்பு டேப்புக்குள் ஒன்றாக இருந்தன.

டேப்பின் நுனியைத் தேடிய அவள் விரல் வழக்கமான பக்கம் போய், கிடைக்காமல், எதிர்ப்பக்கம் திரும்பியது.

டார்ச் பிடித்த என் இடது கையை ஒருமுறை பார்த்தாள். டேப்பைப் பிரித்து உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“எலி கடிச்சிருக்கு மாமா. ரெண்டு வயரும் ஒட்டிக்கிச்சு.”

நான் சொல்ல வைத்திருந்ததும் எலிதான். அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

அப்பா வெறும் வயர்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று நாளாக இதுகூடக் கண்ணில் படவில்லை, இனி நான் எதற்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பட்டறைச் சாவியை எடுத்து அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி வாங்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

டார்ச்சை அணைத்தேன்.

“எலி இல்லப்பா. நான்தான் ஒட்டவெச்சேன். நாலாவது நாள் நானே கண்டுபிடிச்சு உங்ககிட்ட காட்டலாம்னு.”