பனிக்கு விட்ட இடம்

பெயின்ட் கடை அடுக்கில் பச்சையில் மட்டும் ஒன்பது டியூப் இருந்தது.

ஒன்றை எடுத்தாள். வைத்தாள். அதையே மறுபடி எடுத்தாள்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆறும் வேண்டுமாம் அபார்ட்மென்ட் அசோசியேஷனுக்கு. சென்னையில் இருப்பது வெயில். அதை விட்டால் வெள்ளம். ஆனால் புது வருஷக் காலண்டர் என்று வந்துவிட்டால் ஆறு பருவமும் வந்தாக வேண்டும்.

“நம்ம ஓவியர் மேடம் இருக்க என்ன கவலை!” என்றார் செயலாளர். கூட்டம் கை தட்டியது. இவளும் சேர்ந்து தட்டினாள்.

ஓவியர் மேடம் தூரிகையைக் கடைசியாகப் பிடித்தது எட்டாம் வகுப்பில்.

எல்லாம் இந்த வருஷக் காலண்டரின் டிசம்பர் பக்கத்தால் வந்தது. மூன்றாம் மாடி மெர்லின் வரைந்த படம். தலைப்பிரசவத்துக்கு நாகர்கோவில் கிளம்புகிற அவசரத்தில், அசோசியேஷன் ஆபீஸில் கொடுத்துவிடச் சொல்லி இவள் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

கொடுத்தாள். கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

“அட, நீங்க வரைவீங்களா மேடம்!”

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த நேரத்தில் இவள் சிரித்துவிட்டாள்.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில், எதுவும் வரையாமல் சும்மா கிடந்தது ஒரு வெள்ளை இடம். போட்டாள். அடியில் ஒரு சுழி வேறு.

இப்போது எண்பத்து நான்கு வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது அந்தச் சுழி.

மெர்லின் வீட்டிலும்.

தினம் லிஃப்டில் பார்க்கிறாள். “சாப்பிட்டாச்சாக்கா?” என்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கேட்டிருந்தாலாவது ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

பனி என்றால் வெள்ளைதானே. வெள்ளை டியூபில் பெரியதாக இரண்டு எடுத்துக் கூடையில் போட்டாள்.

பின்னால் குழந்தைச் சத்தம்.

திரும்பினாள். இடுப்பில் பிள்ளையோடு மெர்லின். அவள் கண் கூடைக்குள் இருந்தது.

“பனிக்கு வெள்ளை வேண்டாங்கா. தாளை அப்படியே விட்டுரணும். அந்த எடத்துல யாரும் கை வைக்காம இருந்தாப் போதும்.”

சாப்பிட்டாச்சா என்று கேட்கிற அதே குரல்.

மெர்லினே வெள்ளை இரண்டையும் எடுத்து அடுக்கில் வைத்தாள். ஒரு நீலம், ஒரு சாம்பல், மங்கின பச்சை ஒன்று, மஞ்சளில் இரண்டு, செங்காவி. யோசிக்கவே இல்லை. கூடையில் போட்டுவிட்டுப் பென்சில் பக்கம் போய்விட்டாள்.

ஆறு டியூப். கூடை கனத்தது.

கல்லாவில் கடைக்காரர் நிமிர்ந்தார்.

“பில்லுக்குப் பேர் சொல்லுங்க மேடம்.”

அவள் பென்சில் பக்கம் பார்த்தாள். மெர்லின் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

தன் பேரைச் சொன்னாள்.

“கேக்கலை மேடம். கொஞ்சம் சத்தமா.”