மூச்சு மீட்டர்

தினமும் காலையில் கடிகார ரிப்பேர்க்காரர், சிகரெட்டை நிறுத்துவதற்காகக் கிளினிக்கில் கொடுத்தனுப்பிய மூச்சு மீட்டரில் ஊதுவார். மூச்சில் எவ்வளவு சிகரெட் நச்சு இருக்கிறதென்று மனைவி அதன் குட்டித் திரையைப் பார்த்துச் சொல்வாள்.

"பதினெட்டு! நேத்து இருபதுங்க!"

ஆறாவது வாரம் கிளினிக்கிலேயே ஊதினார்.

"ரெண்டு!" என்றாள் நர்ஸ். "சிகரெட்டே தொடாதவங்களுக்குத்தான் சார் இப்படி வரும்."

வெளியே வந்ததும் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு உண்மை சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லு."

"வீட்டு மீட்டர் முதல் வாரமே செத்துப்போச்சு. சொன்னா, அதையே சாக்கா வெச்சு மறுபடி பத்த வெச்சிடுவீங்களோன்னு பயம். தினமும் நம்பரை நானா அடிச்சு விட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"உள்ளே ஒயரைக் கழட்டினதே நான்தானே! மீட்டர் கெட்டுப்போச்சுன்னு நீ சொல்லுவே, அப்புறம் நிம்மதியா ஊதலாம்னு ஒரு பாக்கெட்டே வாங்கி வெச்சிருந்தேன். நீ என்னடான்னா, ஒண்ணுமே தெரியாத திரையைப் பார்த்துட்டு 'பதினெட்டு'ன்னு குதிக்கிற!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்வளவு சந்தோஷமா சொல்றியே, அது பொய்யாப் போகக் கூடாதேன்னு பாக்கெட்டைத் தூக்கிப் போட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அந்த ஒயரை மாட்டிடறேன்."

"அவசரப்படாதீங்க," என்றாள் அவள். "நாளைக்கு 'ஒண்ணு'ன்னு சொல்லலாம்னு இருக்கேன்."