மாமனார் பேர் போட்ட பாதை

"பெத்த அப்பா பேரை ஊரே மிதிக்கணுமா? என்னங்க பித்து இது?"

புஷ்பவல்லி கேட்டது அவள் புருஷன், கிராம முன்சீப் பஞ்சநாதனிடம். அவர் வெற்றிலையை மென்றபடி கல்தச்சன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆற்றுக்கும் அம்மன் கோயிலுக்கும் போக ஊருக்கு இருந்தது அந்த மருதையாற்றங்கரை வழி ஒன்றுதான். மழை வந்தால் முழங்கால் சேறு. குடத்தோடு விழாத பெண்பிள்ளை ஊரில் கிடையாது. போன வருஷம் கரையை உயர்த்திக் கருங்கல் பலகை பாவினார்கள். யுத்த காலம், சிமெண்டுக்குக் கண்ட்ரோல். வெறும் மண்ணில் பதித்த கல். ஐப்பசி வெள்ளம் வடிந்தபோது பாதிக் கல்லைக் காணோம்.

"இனிமே ஜில்லா போர்டு கல்லு தராது" என்று ஓவர்சியர் கையை விரித்துவிட்டார்.

பஞ்சநாதனே கைக்காசைப் போட்டுப் பெரம்பலூர்ப் பக்கமிருந்து வண்டி வண்டியாகக் கல் இறக்கினார். இதுவும் போனால் பாதை என்ற பேச்சே இல்லை. அப்படிப்பட்ட கல்லில்தான் பலகைக்குப் பலகை 'வைரக்கண்ணு உபயம்' என்று செத்துப்போன அப்பாவின் பேரை வெட்டச் சொன்னார். மேலே மட்டுமா, அடிப்பக்கமும்!

"அடியில யாரு படிப்பா? ஆத்து மீனா?" என்று புஷ்பவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் சங்கடம் அவளுக்கு. மாமனார் பேரை வாயால் சொல்லவே மாட்டாள், காலால் மிதிப்பாளா? ஊரே பாதையில் நடக்க, முன்சீப் பெண்டாட்டி மட்டும் பக்கத்துச் சேற்றில் சளக் சளக்கென்று கோயிலுக்குப் போனாள்.

அடுத்த வீட்டுக் கலியம்மாள் விடுவாளா?

"உங்க மாமனாரு முதுகு மேலயே நடந்து வந்தேங்க. மனுசன் உசுரோட இருந்தப்ப கூட ஊருக்கு இப்புடி ஒத்தாசையா இருந்ததில்ல!"

புஷ்பவல்லிக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

இந்த வருஷ ஐப்பசியிலும் ஆறு கரை புரண்டது. வெள்ளம் வடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒரு கல் அசையவில்லை.

வீட்டுக்கு வந்து புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, மாமா பேரைப் பார்த்தா வெள்ளம் பயப்படுமா?"

"கருங்கல்லை வெள்ளம் எங்க தூக்கும்? போன வருசக் கல்லு போனது மாட்டு வண்டியில. வூட்டுக்கு வூடு வாசப்படியா கிடக்கு. இப்ப எவன் எடுப்பான்? குப்புறப் போட்டாலும் எங்கப்பா பேரு தெரியுமில்ல!"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? எவன் அந்தத் திருடன்? சொல்லுங்க, குடுமியைப் பிடிச்சு நடுத்தெருவுல நிறுத்துறேன்!"

"வேணாம் புஷ்பம். பழி வெள்ளத்து மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

"சொல்லித்தான் ஆகணும்!"

பஞ்சநாதன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாக உட்கார்ந்தார்.

"பொங்கச் சீரோட உன் அண்ணன் வண்டியில கொண்டாந்து நம்ம கெணத்தடியில ஒரு துவைகல்லு போட்டாரே, அது எந்தக் கடையில வாங்கினதுன்னு நினைச்சே?"